எதிர்மனுதாரரின் அத்தை

"இவருக்குக் கட்டச் சொல்றீங்க, கட்டுறேன். அத்தையையும் நான் பாக்கணும்னு அதுலயே ஒரு வரி சேத்து எழுதிருங்க சார்" என்று அந்தப் பையன் கேட்டான். "அதுக்கு இதுல இடமில்லை தம்பி" என்றேன்.

சட்டப்படி நான் சொன்னது சரிதான். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் அந்தப் பதில் மனதில் செரிக்காமலே கிடக்கிறது.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் பெற்றோர் பராமரிப்பு மனுக்கள் என் செக்ஷனில் இருந்த காலம் அது. 2007-ஆம் ஆண்டுச் சட்டம். வக்கீல் கிடையாது, 90 நாளில் முடிக்க வேண்டும், மாதத்துக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். உத்தரவுக்கு முன்பு இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசிப் பார்ப்போம். பெரும்பாலும் வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் சோற்றுக்கு நிற்பவர்கள்தான் வருவார்கள். அந்த மனுக்களில் யார் பக்கம் நிற்பது என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

இது அப்படி வந்த மனு இல்லை. மனுதாரருக்கு 68 வயது. பையனுக்கு நாலு வயதாக இருக்கும்போது வீட்டை விட்டுப் போனவர், மனைவி செத்ததற்கும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தவரை யாரோ கூட்டி வந்து மனு எழுதிக் கொடுத்திருந்தார்கள். எதிர்மனுதாரரான பையன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவனை இட்லி சுட்டு வளர்த்து ஆளாக்கியது மனுதாரரின் அக்கா, பிள்ளையில்லாத விதவை.

பையன் முதலில் மசியவில்லை. "பெத்ததோட சரி சார், அதுக்குமேல இவருக்கும் எனக்கும் என்ன இருக்கு?" என்றான். யோசிக்கும்போது இரண்டு பேருமே இடது காது மடலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அதை நான்தான் சுட்டிக்காட்டினேன். "ரத்தம் எங்க தம்பி போகும்? கண்ணாடியில பாத்தாத் தெரியும்" என்றேன். சமரசம் பேசும்போது கையில் கிடைப்பதை எடுத்துத்தான் பேசுவோம். ஆனால் அவன் முகம் மாறிவிட்டது. "அதாங்க சார் எனக்குப் பயமே. இவர் என்னை விட்டுட்டுப் போனாரு. இப்ப நான் இவரை விட்டா இவர் புள்ளையாயிருவேன். இவரைப் பாத்துக்கிட்டா எங்க அத்தை வளத்த புள்ளை. அதுக்காக வேணா கட்டுறேன். ரத்தத்துக்காகக் கட்டச் சொல்லாதீங்க."

இதற்கு என்ன பதில் சொல்வது? நான் பேசாமல் இருந்தேன். பெரியவர்தான் பேசினார். அவரைப் பதினொரு வயதில் வடக்கே முறுக்குக் கம்பெனிக்கு அனுப்பினார்களாம். உசிலம்பட்டிப் பக்கத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை அப்படி அனுப்பியது எங்களுக்குத் தெரியாத கதையில்லை. "அடுப்புப் பக்கத்துலயே தூங்குவோம் சார். வீடுன்னா என்ன செய்யணும்னு எனக்கு யாரும் காட்டல" என்றார். பொய் சொல்வது போல இல்லை. அப்படியானால் அவர் ஓடிப்போனதும் வளர்ப்புதானா? அதே வயிற்றில் பிறந்த அக்கா ஓடவில்லையே. இருவருக்கும் ரத்தம் ஒன்றுதான். ஒருவரை அனுப்பிவிட்டார்கள், ஒருவரை அடுப்படியில் வைத்துக்கொண்டார்கள். வித்தியாசம் அதில்தான் வந்தது என்று சில நாள் தோன்றும். அனுப்பப்பட்ட எத்தனையோ பிள்ளைகள் திரும்பி வந்து குடும்பத்தைத் தாங்கியிருக்கிறார்களே என்று சில நாள் தோன்றும்.

சட்டம் இதற்குள் எல்லாம் போவதில்லை. பெற்றவர், தத்தெடுத்தவர், மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை, இவர்கள்தான் பெற்றோர். வளர்த்தாரா என்ற கேள்வியே இல்லை. அந்த அம்மா தத்து எடுக்கவில்லை. அண்ணன் தம்பி பிள்ளையை எடுத்து வளர்க்க நம் ஊரில் யார் காகிதம் போடுகிறார்கள்? பிள்ளையில்லாத முதியவர் உறவினரிடம் கேட்கலாம் என்று ஒரு வழி உண்டு. ஆனால் அவர் சொத்து அந்த உறவினரிடம் இருக்க வேண்டும், அல்லது அவருக்கு வாரிசாக வரவேண்டும். அந்த அம்மாவிடம் இருந்தது இட்லிக் கொப்பரையும் வாடகை வீடும்.

அவன் ஏன் அந்த ஒரு வரியைக் கேட்டான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. மாதம் 2,500 என்று முடிவானது. கட்டாமல் விட்டால் வாரண்ட் போடலாம், ஒரு மாதம் வரை சிறை உண்டு. ஆட்டோ ஓடாத மாதத்தில் எதை நிறுத்துவான்? கேட்க ஆளில்லாததைத்தான் நிறுத்த முடியும். மனசாகச் செய்து வந்த கடமை, உத்தரவு போட்ட கடமைக்குப் பின்னால் போய்விட்டது. அதற்குக் காரணம் நாங்கள் எழுதிய காகிதம்.

அந்த அம்மா வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தார். மனுவில் தரப்பினர் இல்லை என்பதால் உள்ளே கூப்பிடவில்லை. தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது பார்த்தேன். மஞ்சள் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் குலுக்கி, வாயில் வைத்து இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு விரல்விட்டுப் பத்து எண்ணினார். விறகடுப்புப் புகை அத்தனை வருஷம் நெஞ்சில் ஏறியது. சுகர் மாத்திரையை வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள், இதைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம் என்றார். பிறகு, "எந்தம்பிக்கு ஒரு வழி பண்ணிருங்கய்யா" என்றார். தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை.

சிங்கப்பூரில் 1995-இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில், பிள்ளையைக் கைவிட்ட பெற்றோரின் மனுவைத் தள்ளவோ தொகையைக் குறைக்கவோ தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. பிறகொரு நாள் படித்தேன். இங்கும் அது இருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பெரியவர் அன்று ராத்திரி எங்கே படுப்பார்? மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் முதியோர் இல்லம் அரசு அமைக்கலாம் என்று நம் சட்டம் சொல்கிறது. அமைக்காவிட்டால் யாருக்கும் வாரண்ட் இல்லை. பிள்ளைக்கு மட்டும்தான் வாரண்ட். ஊர் மொத்தமும் சுமக்க வேண்டியதை ஒரு லோடு ஆட்டோக்காரன் தலையில் வைத்துவிட்டு, கோப்பை முடித்துவிட்டோம். மாதா மாதம் பணம் வந்தது, பெரியவர் ஒரு அறை எடுத்துத் தங்கினார். அந்த அளவில் அந்த உத்தரவு நல்ல காரியம்தான். இதை மறுக்க என்னால் முடியாது.

சில மாதம் கழித்து பையன் மறுபடி வந்தான். அத்தையின் ஓ.ஏ.பி. மனு, அதாவது முதியோர் பென்ஷன் மனு, தள்ளுபடியாகியிருந்தது. களவிசாரணை அறிக்கையில் "வளர்ப்பு மகன் ஆதரவில் உள்ளார்" என்று எழுதியிருந்தது. எங்கள் உத்தரவுக்கு அவன் அந்த அம்மாவின் மகன் இல்லை, பென்ஷனுக்கு மகன். இரண்டு கோப்பும் ஒரே வருவாய்த் துறையுடையவை. எனக்கு நெஞ்சு கொதித்தது. "மேல்முறையீடு நான் எழுதித் தர்றேன். பிள்ளைகள் யாரும் இல்லை, ஆதரவற்றவர்னு போடுவோம். சட்டப்படி அது பொய்யில்லை, மாசம் 1,200 ரூபாய் வரும்" என்றேன்.

அவன் காதைத் தேய்த்துக்கொண்டே நின்றான். "எங்க அத்தைக்கு யாருமில்லைன்னு என் கண்ணு முன்னாடி எழுதாதீங்க சார்" என்றான். மனுவை வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டான்.

அது வீண் பிடிவாதம் என்றுதான் அன்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். 1,200 ரூபாயில் அந்த மருந்து வாங்கியது போக மிச்சமும் இருக்கும். அவனைக் கேட்காமல் அந்த அம்மாவிடமே போய் நான் கைநாட்டு வாங்கியிருக்கலாம். வாங்க எனக்கு மனம் வரவில்லை.