அப்பா கட்டிலுக்கு எதிர்ல

ஜூன் 3
தொட்டி வந்தாச்சு. ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். நாலு ரோட்டுல இருந்து ஆட்டோல கட்டிப்பிடிச்சிட்டே வந்தேன், ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் உசிரு போய் உசிரு வந்துச்சு. தண்ணி மட்டுமே அம்பது கிலோவுக்கு வரும், டிவி ஸ்டாண்டு தாங்காதுன்னு கடப்பா கல்லு ஷெல்ஃப்ல, அடியில தெர்மாகோல் போட்டு வெச்சாச்சு. கட்டில்ல படுத்தா நேரா தெரியும். கடைக்காரர் இன்னைக்கே மீன் விட்டுடலாம் சார்னார். விடல.

ஜூன் 4
மணல் கழுவினேன். ஒன்பது வாளி. இன்னும் அரிசி கழுவின தண்ணி மாதிரிதான் வருது.

ஜூன் 5
எந்த தண்ணி ஊத்தறதுன்னு காலையில இருந்து பஞ்சாயத்து. போர் தண்ணி வேணாம்னு அம்மா, "நமக்கே ஆகாத தண்ணி மீனுக்கு ஆகுமா"ன்னு. என் பல்லுல இருக்கற காவிக் கறை அந்த போர் தண்ணியில இருக்கற ஃப்ளோரைடு குடுத்ததுதான், போட்டோவுக்கு இன்னைக்கும் வாய மூடித்தான் சிரிக்கறேன். 2013-ல ஒகேனக்கல் தண்ணி வந்தப்போ நான் வளந்தாச்சு, பல்லும் வளந்தாச்சு. சரி ஒகேனக்கல் தண்ணியே ஊத்தலாம்னா அதுல குளோரின். ஆன்டி குளோரின் சொட்டு விட்டு ஊத்தினேன்.

ஜூன் 7
அப்பா ரிப்போர்ட்டுக்கு சேலத்துல இருந்து போன் வரல.

ஜூன் 9
மீன் எங்கடான்னு அப்பா. டேங்க் சைக்கிள் ஆகணும்ப்பான்னேன். "சைக்கிளா? உள்ள எங்கடா இருக்கு?" உக்காந்து சொன்னேன், மீனோட கழிவு, தின்னது போக மிச்ச தீனி எல்லாம் அழுகி அமோனியா ஆகும், அது விஷம், ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம், இன்னொரு வகை வந்து அதை நைட்ரேட் ஆக்கினாத்தான் மீன் தாங்கும், இதுங்க ரெண்டும் ஃபில்டர்ல இருக்கற ஸ்பாஞ்சுல குடியேறணும், அதுக்குத்தான் மீனே இல்லாத தொட்டியில தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுக விடறேன், நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும்னு.

"ஆறு வாரமா" ன்னார். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார்.

நாலுன்னு மட்டும் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 13
டெஸ்ட் கிட்ல பச்சை. மஞ்சளா வந்தா அமோனியா இல்லன்னு அர்த்தம். நமக்கு நல்ல கரும்பச்சை. ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் போச்சு, ஏர் பம்ப் சத்தம் நின்னதுல முழிச்சுட்டேன். அப்பாவும் முழிச்சுத்தான் இருந்தார். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல.

ஜூன் 16
போன் பண்ணா இன்னும் ரெண்டு நாள்ங்கறாங்க. போன வாரமும் ரெண்டு நாள்தான்.

ஜூன் 21
நைட்ரைட் வந்துடுச்சு!! நாவப்பழக் கலர்ல நிக்குது டியூப். பச்சையும் வெளுத்துட்டு வருது. விஷம் வந்ததுக்கு சந்தோஷப்படற ஒரே ஆளு நான்தான். மாம்பழம் வாங்கிட்டு வந்தேன், அப்பா ரெண்டு துண்டு சாப்பிட்டார்.

ஜூன் 24
சாயங்காலம் வீட்டுக்கு வந்தா கொடியில அப்பா லுங்கிக்கும் துண்டுக்கும் நடுவுல கருப்பா ஒண்ணு தொங்குது, ரெண்டு கிளிப் போட்டு. ஸ்பாஞ்சு. அம்மா கழட்டி, குழாயடியில சோப்பு போட்டுப் பிழிஞ்சு காயப் போட்டிருக்கு. "ஒரே கொழகொழன்னு இருந்துச்சுடா, வீட்ல உடம்பு சரியில்லாத மனுஷன வெச்சுகிட்டு." அந்தக் கொழகொழதான் மூணு வாரம். கத்திட்டேன். ரொம்பவே கத்திட்டேன். அழுக்கானா தொட்டித் தண்ணியிலயே லேசா அலசணும்னு ஒரு வார்த்தை அதுகிட்ட யார் சொன்னா, நான் சொல்லவே இல்லையே.

ஜூன் 25
அம்மா பேசல. மறுபடி பச்சை.

ஜூன் 27
ரிப்போர்ட் வந்துச்சு. தொட்டித் தண்ணிய டெஸ்ட் பண்ணல.

ஜூன் 28
பண்ணல.

ஜூலை 2
ராத்திரி அப்பா எழுப்பி, "கருப்பா ஒரு மீன் இருக்குமே, அதுல ரெண்டு வாங்கிடு"ன்னார். மோலி. நல்லவேளை, தண்ணி கொஞ்சம் உப்பா இருந்தாலும் அதுக்குப் பிடிக்கும். ஆனா இன்னும் லேசா பச்சை இருக்கே, காரத்தன்மை ஜாஸ்தியான தண்ணியில அமோனியா இன்னும் மோசமாச்சேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சரிப்பான்னேன்.

ஜூலை 4
விட்டாச்சு. கவரோட இருபது நிமிஷம் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமா தொட்டித் தண்ணிய கலந்து, அப்புறம் வலையில எடுத்து விட்டேன். அப்பா தலைகாணிய முதுகுக்கு வெச்சு உக்காந்து பாத்தார், பத்து நாளுக்கு அப்புறம். "இதையெல்லாம் வறுத்தா ஒரு வாய்க்குக்கூட வராதுடா." அம்மா சிரிச்சிடுச்சு. தினம் ரெண்டு வாளி தண்ணி மாத்தணும், தீனி கொஞ்சமாத்தான், செத்துடக்கூடாது, இப்போ செத்துடக்கூடாது.

ஜூலை 5
ஒண்ணு ஓரமாவே நிக்குது. அப்பாவும் அதையேதான் பாத்துட்டு இருக்கார்.

ஜூலை 6
நாளைக்கு காலையில அஞ்சரை பஸ்ஸுக்கு சேலம், மூணு பேரும். எதிர்வீட்டுப் பையன்கிட்ட சாவி குடுத்தாச்சு. அவன் கை தாராளம், அதனால நாளுக்கு ஒண்ணுன்னு தீனிய பேப்பர்ல விபூதிப் பொட்டலம் மாதிரி மடிச்சு தேதி எழுதி வெச்சிருக்கேன். மூணு மடிச்சேன். அம்மா பக்கத்துல வந்து நின்னு பாத்துட்டு, "இன்னும் நாலஞ்சு மடிச்சு வெய்யி"ன்னுச்சு.