வலித்தால் உடனே சொல்லுங்கள்

தென் கொரியாவின் தேஜான் நகருக்கு ஆய்வுப் பணிக்காக வந்த முதல் குளிர்காலத்தில், இடுப்புவலி தாங்காமல், வீட்டருகே இருந்த ஒரு ஹனுய்வொன்னுக்கு, அதாவது கொரிய மரபு மருத்துவ நிலையத்துக்குச் சென்றேன். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, அங்கு அடுக்கி வைத்திருந்த செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். குடியிருப்பு அட்டையை இரு கைகளாலும் நீட்டி, லேசாகத் தலை தாழ்த்தினேன். மருத்துவரைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கமில்லை. பொதுவாக 'சன்சேங்நிம்' என்றும், நிலையத்தை நடத்துபவராயின் 'வொன்ஜாங்நிம்' என்றும் அழைக்கிறார்கள். இவையெல்லாம் ஒரே நாளில் பழகிவிடுகின்றன.

எனக்குப் பிடிபடாமல் போனது வேறொன்று. மருத்துவர் மணிக்கட்டில் நாடி பார்த்துவிட்டு, திரைச்சீலை மறைத்த, சூடேற்றிய படுக்கையில் என்னைக் குப்புறப் படுக்கவைத்து அக்குபங்சர் ஊசிகளைச் செருகினார். அவற்றில் ஒன்று மின்சாரம் பாய்ந்ததுபோல் கால்வரை இழுத்தது. "குவென்சானயோ?" என்று கேட்டார். பெரியவர் முன் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான். ஆகவே "குவென்சானயோ" என்றே பதில் சொன்னேன். 'பரவாயில்லை' என்று பொருள்படும் அந்தச் சொல், 'வேண்டாம்' என்று மரியாதையாக மறுக்கவும் பயன்படுகிறது. அவரோ ஊசி ஒத்துக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டார். அன்றிரவு முழுவதும் கால் குடைந்தது.

அடுத்த முறை நடந்ததைச் சொன்னபோது அவர் வருத்தப்பட்டார். கனமாகவும் மந்தமாகவும் ஓர் உணர்வு வருவது இயல்பே, ஆனால் சுரீரென்று இழுத்தால் அந்த நொடியே 'ஆப்பாயோ', அதாவது 'வலிக்கிறது', என்று சொல்லியிருக்க வேண்டும், ஊசியை உடனே எடுத்து வேறு இடத்தில் வைத்திருப்பேன் என்று பொறுமையாக விளக்கினார். தலை தாழ்த்துவதைவிட இந்த ஒரு சொல்லையே வெளிநாட்டு நோயாளி முதலில் கற்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. ஹனுய்வொன் மருத்துவர்கள் 6 ஆண்டுகள் தனியே படித்துத் தனி உரிமம் பெற்றவர்கள். அவர்களிடம் அலோபதி மாத்திரை கேட்டால் எழுதித்தர முடியாது. ஆனால் நாம் ஏற்கெனவே உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்ப் பட்டியலைக் கட்டாயம் காட்ட வேண்டும். மூலிகைக் கஷாயம் அவற்றோடு ஒத்துப்போகாமல் போகலாம். அன்பளிப்பாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பல இடங்களில் பிற்பகல் 1 முதல் 2 வரை உணவு இடைவேளை என்பதால், நேரம் விசாரித்துவிட்டுச் செல்லுங்கள்.

அடுத்த வாரம் தோழியின் அம்மா சிகிச்சைக்கு இங்கு வருகிறார். 'ஆப்பாயோ' என்பதைக் கொரிய எழுத்திலும் தமிழிலும் பெரிதாக ஓர் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.