மூன்று புள்ளி

2019 மார்ச். ஒரு செய்தி சேனலின் டெஸ்க்கில் எனக்கு நைட் ஷிஃப்ட். ஒரு கும்பல் பெண்களை ஏமாற்றி வன்கொடுமை செய்து, வீடியோ எடுத்து மிரட்டிய பொள்ளாச்சி பாலியல் வழக்கின் அந்த ஆடியோ வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. "டெக்ஸ்ட் போட்டு உடனே ஓட்டணும்" என்றார் இன்சார்ஜ். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, அந்தப் பெண் கெஞ்சியதை வரிவரியாக டைப் செய்தவன் நான்தான். அந்த வார்த்தைகளை இங்கே எழுதப் போவதில்லை. ஓரிடத்தில் வார்த்தையே இல்லை, அழுகை மட்டும். என்ன போட என்று கேட்டேன். "மூணு புள்ளி வை." வைத்தேன். எடிட்டர் சோக இசை சேர்த்தார்.

பெயர் சொல்லவில்லை, முகம் காட்டவில்லை, அப்புறம் என்ன என்பதுதான் எங்கள் நியாயம். அடையாளம் தெரியவரும் எந்தத் தகவலும் வெளிவரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. குரல் அடையாளம் இல்லையா? பெற்றவளுக்குத் தெரியாதா? புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறையும் அரசாணையும் வெளியிட்டதற்காக 25 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. காவல்துறையை வறுத்தெடுத்து நாங்கள் விவாதம் நடத்தினோம். இடைவேளைக்கு முன்னும் பின்னும் அதே ஆடியோ.

நாங்கள் புழங்கிய சொற்களையும் சொல்ல வேண்டும். கட்சிக்காரர் என்றால் 'பிரமுகர்'. பெண்கள் என்றால் 'காம வலையில் சிக்கியவர்கள்'. சிக்கியது மீனின் குற்றம் என்பதுபோல. 'முகநூலில் பெண்கள் உஷாராக இருக்க வேண்டாமா?' என்று ஒரு சிறப்பு நிகழ்ச்சிகூடப் போட்டோம். அந்தக் கும்பலுக்கு இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் கேட்கவில்லை. அப்போதைய ஆளுங்கட்சியான அதிமுகவின் உள்ளூர் நிர்வாகி ஒருவரை இதே வழக்கில் சிபிஐ கைது செய்தது 2021 ஜனவரியில்.

2025 மே 13. கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. இவ்வளவுக்குப் பிறகும் சாட்சி சொன்ன பெண்களில் ஒருவர்கூடச் சொன்னதை மாற்றிப் பிறழ் சாட்சியாகவில்லை. எங்கள் ஸ்க்ரோலில் இது ஒரே ஒரு வரி.

அன்று காலை புதுப் பையன் ஒருவன் லைப்ரரியிலிருந்து பழைய கிளிப்பை எடுத்து வைத்திருந்தான். என் எழுத்துகளோடு, அந்த மூன்று புள்ளியோடு.

"அண்ணே, சேர்த்துடலாமா?"

"வேண்டாம்டா. கோர்ட் வாசலை ஓட்டு."

சரி என்றான். மதியம் வரை அது ஓடவில்லை. இரண்டு மணி புல்லட்டினில் வேறு யாரோ சேர்த்திருந்தார்கள்.