அப்பா என்ன வேலை பார்க்கிறார்?

குழந்தைகள் புறநோயாளிப் பிரிவில் சோகைக்கு டானிக் எழுதிக் கொடுப்பது அன்றாட வேலை. பெரும்பாலான பிள்ளைகள் சில மாதங்களில் தேறிவிடுவார்கள். தேறாத பிள்ளை வந்தால், அப்பாவின் வேலையைத்தான் முதலில் விசாரிப்பேன்.

அப்படி வந்தவள்தான் இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமி. ஓயாத வயிற்றுவலி, மலச்சிக்கல். "நல்லா பேசிட்டிருந்த புள்ள டாக்டர், இப்போ கூப்பிட்டாக்கூட திரும்ப மாட்டேங்குது" என்றார் அம்மா. ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்த்தால், சிவப்பணுக்களுக்குள் நீலப் புள்ளிகள். முழங்கால் எக்ஸ்ரேயில், எலும்பு வளரும் முனையில் வெள்ளைப் பட்டை. இரண்டும் சேர்ந்து வந்தால் ஈய நஞ்சைத்தான் சந்தேகிப்போம். அப்பாவுக்குப் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை. வீட்டுக்கு வந்ததும் அதே சட்டையோடு மகளைத் தூக்கிக்கொள்வார். அந்தச் சட்டையும் அவள் கவுனும் ஒரே வாளியில்தான் ஊறும்.

ஈயம் உடம்புக்குள் கால்சியம் போல வேஷம் போடுகிறது. எலும்பில் தங்குகிறது, வளரும் மூளைக்குள்ளும் நுழைகிறது. விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களின் குடல் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால், குழந்தையின் குடல் கிட்டத்தட்ட பாதியை உறிஞ்சிவிடும். இரும்புச்சத்து குறைந்த பிள்ளைக்கு இன்னும் கூடுதல். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இரட்டை அடி என்பது இதுதான்.

ஈயத்தை வெளியேற்ற மருந்து உண்டு. ரத்தத்தில் அளவு மிக அதிகமானால் கொடுப்போம். ஆனால் வீட்டில் அதே தூசி இருக்கும்வரை அளவு மறுபடி ஏறும். இழந்த அறிவுத்திறனை மருந்து மீட்டுத் தருவதுமில்லை. அமெரிக்காவில் குழந்தையின் ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் கவனிக்க வேண்டிய ஈய அளவாக வைத்திருந்த 10 மைக்ரோகிராமை 2012-ல் 5 ஆகவும், 2021-ல் 3.5 ஆகவும் குறைத்தார்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் சுமார் 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருப்பதாக 2020-ல் யுனிசெஃப் சொன்னது. அதாவது மூன்றில் ஒரு பிள்ளை.

நம் நாட்டில் 2000-லேயே பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்துவிட்டோம். பழைய பேட்டரிக்கு 2001-ல் விதிகள் வந்தன, 2022-ல் புதிய விதிகளும் வந்தன. இருந்தும் காயலான் கடை வழியாகக் குடியிருப்புகளுக்கு நடுவே உள்ள உலைகளுக்குப் பேட்டரிகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்த அப்பாவிடம் வேலையை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. பட்டறையிலேயே குளித்து, உடை மாற்றி வரச் சொன்னேன். "அங்க தண்ணியே கிடையாதுங்க" என்றார்.

எங்கள் பிரிவுச் சீட்டில் இப்போது பெற்றோரின் வேலைக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறோம். பல சீட்டுகளில் 'கூலி' என்று மட்டும் எழுதி வருகிறது. என்ன கூலி என்று கேட்டு எழுதுங்கள் என்று பயிற்சி மருத்துவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.