நான்காவது போர்ட் மட்டும் எழாதபோது: ஃப்ரீபிஎஸ்டியில் எம்பஃப் தட்டுப்பாடு

ஃப்ரீபிஎஸ்டி 9 (யூனிக்ஸ் வகை இயங்குதளம்) ஓடும் ஃபயர்வால். எட்டு கோர், நான்கு இன்டெல் நெட்வொர்க் போர்ட், அவற்றை இயக்கும் ஐஜிபி டிரைவர். மூன்று போர்ட் எழுந்துவிட்டன. நான்காவதுக்கு மட்டும் கன்சோலில் 'குட் நாட் செட்டப் ரிசீவ் ஸ்ட்ரக்சர்ஸ்' என்று ஒரு வரி வந்து நின்றது. இதைப் பார்த்ததும் கார்டைக் கழற்றத் தோன்றும். கழற்ற வேண்டாம், முதலில் 'நெட்ஸ்டாட் -எம்' அடியுங்கள். பாக்கெட்டுகளை வைக்கக் கர்னல் ஒதுக்கும் நினைவகத் துண்டுகளான எம்பஃப்களின் நிலவரத்தை அது காட்டும்.

அதில் 'எம்பஃப் கிளஸ்டர்ஸ் இன் யூஸ்' வரியில் (கிளஸ்டர் என்பது பாக்கெட்டின் தரவு உட்காரும் பெரிய துண்டு) நான்கு எண்கள் இருக்கும்: இப்போது புழக்கத்தில் உள்ளது, கேஷில் உள்ளது, இரண்டின் கூட்டல், உச்சவரம்பு. எங்கள் வரம்பு 25,600. டிரைவர் கோருக்கு ஒரு வரிசை வைக்கிறது, வரிசைக்கு 1,024 டிஸ்கிரிப்டர் (வரும் பாக்கெட்டுக்கான இடக்குறிப்பு). பாக்கெட் வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் 2,048 பைட் கிளஸ்டர் ஒன்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும். ஆக, போர்ட்டுக்கு 8,192. மூன்று போர்ட்டுக்கே 24,576 போய்விட்டது. மீதி 1,024-ஐ வைத்து நான்காவது எப்படி எழும்?

பூட் அடைவில் உள்ள லோடர்.கான்ஃப் கோப்பில் அந்த வரம்பைக் குறிக்கும் 'கெர்ன்.ஐபிசி.என்எம்பிகிளஸ்டர்ஸ்' மதிப்பை 65,536 ஆக்கி ரீபூட் செய்தோம், நான்கும் எழுந்தன. அத்தனையும் நிரம்பினால்கூட 128 எம்பிதான். கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோல் கட்டளை வழியாக ஓடும்போதே வரம்பை ஏற்றலாம், ஆனால் இறக்க முடியாது. ராம் குறைவான பெட்டியில் போர்ட்டுக்கான வரிசைகளை இரண்டாகக் குறைப்பதே நல்லது.

10-ஆம் பதிப்பிலிருந்து கர்னலே ராமைப் பார்த்து வரம்பைக் கணக்கிடுகிறது. அதனால் இன்று தட்டுப்பாடு வந்தால் எடுத்த துண்டுகள் திரும்பி வராத கசிவையும் சந்தேகிக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த நான்கில் முதல் எண்ணைக் குறித்து வாருங்கள். டிராஃபிக் தணிந்த பிறகும் அது இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், வரம்பைக் கூட்டுவது நாளைத் தள்ளிப்போடுவது மட்டுமே. 'நெட்ஸ்டாட் -ஏஎன்' போட்டு ரிசீவ்-க்யூ (வந்தும் வாசிக்கப்படாத தரவு) பெருத்துக் கிடக்கும் சாக்கெட்டைத் தேடுங்கள். தரவை வாசிக்காமல் தொங்கும் புரோகிராம் அங்கே அகப்படும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் டிரைவர் பக்கம் திரும்புங்கள்.

பெரிய பாக்கெட்டுகளுக்கான 9கே ஜம்போ கிளஸ்டர் தனிச் சிக்கல். ஒன்றுக்கு அடுத்தடுத்த மூன்று நினைவகப் பக்கங்கள் வேண்டும். நினைவகம் துண்டு துண்டானால், இடம் நிறைய இருந்தும் கோரிக்கை மறுக்கப்படும்.

பிங்கில் 'நோ பஃபர் ஸ்பேஸ் அவைலபிள்' வருகிறது, 'நெட்ஸ்டாட் -எம்' காட்டும் 'டினைட்' (மறுக்கப்பட்ட கோரிக்கை) எண்ணிக்கை பூஜ்யமாகவே இருக்கிறது என்றால் எம்பஃபைத் தொடாதீர்கள். பெரும்பாலும் இன்டர்ஃபேஸின் அனுப்பும் வரிசைதான் நிரம்பியிருக்கும். லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.