ஆட்டுக்குட்டிக்கு 32 பக்கங்கள்

பிறர் எழுதும் சிறுவர் கதைகளைப் புத்தகமாக்குவதுதான் என் வேலை. பிரதியைத் திருத்துவது, ஓவியரோடு உட்கார்ந்து பேசுவது, மெய்ப்பு பார்ப்பது, அச்சுக்கு அனுப்புவது. இந்த வேலைக்கு வருவதற்கு முன்பே நான் எழுதி வைத்த கதை ஒன்று உண்டு. நிழல் தொலைந்துவிட்டது என்று தேடி அலையும் ஓர் ஆட்டுக்குட்டியின் கதை. அது இப்போதுதான் வெளிவந்திருக்கிறது. இத்தனை காலம் கிடந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அதைப் புத்தகமாக்கும் வழியை வேலைதான் கற்றுக்கொடுத்தது.

முதலில் கதை இருந்த கணினிக் கோப்பையே மீட்க வேண்டியிருந்தது. யூனிகோடு என்ற பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை பரவலாகும் முன் இருந்த எழுத்துரு ஒன்றில் அடித்தது. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிந்தது. அந்த எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் அடிப்போம்: 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். யூனிகோடில் க முதலில் வரும், உயிர்க்குறி அதற்குப் பின்தான். பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றும் மென்பொருள் இதைப் பெரும்பாலும் சரியாகச் செய்துவிடும். ஆனாலும் கொம்புள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

அப்புறம் பக்கக் கணக்கு. அச்சகத்தில் 16 பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம், ஒன்றாக அச்சாகி மடிக்கப்படும் தொகுப்பு. படக்கதை பெரும்பாலும் இரண்டு ஃபாரம், அதாவது 32 பக்கம். தலைப்பு, பதிப்புரிமைப் பக்கங்கள் போக மீதிதான் கதைக்கு. வெற்றுத்தாள்களை மடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்து, ஒரு டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம் செய்தேன். வாக்கியங்களை வெட்டி ஒட்டிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோதுதான் கதை எங்கே மூச்சு விடுகிறது என்று பிடிபட்டது. "நிழல் எங்கே?" என்ற கேள்வி வலப்பக்கத்தின் கடைசி வரியாக வர வேண்டும். குழந்தை தன் கையால் தாளைப் புரட்டித்தான் பதிலைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நொடி ஆவலுக்காகவே முன்பகுதி முழுவதையும் இடம் மாற்றினேன்.

ஓவியர் வந்ததும் கதை பாதியாக இளைத்தது. உச்சிவெயிலில் நிழல் காலடியில் சுருங்கி ஒளிந்துகொள்வதை விளக்க ஒரு பத்தியே எழுதியிருந்தேன். அவர் அதை ஒரே படத்தில் கொண்டுவந்துவிட்டார். குட்டி தூரத்தில் பார்க்கிறது, நிழலோ அதன் வயிற்றுக்குக் கீழே. குட்டிக்குத் தெரியாதது வாசிக்கும் குழந்தைக்குத் தெரிகிறது. எத்தனை நல்ல வாக்கியம் எழுதினாலும் இந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். பத்தியை மொத்தமாக எடுத்துவிட்டேன்.

மிச்சமிருந்த சொற்களைச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். 'தேடிக்கொண்டிருந்தது' போன்ற நீளமான சொல்லில் புதிதாக வாசிக்கப் பழகும் குழந்தை தடுமாறும். 'தேடியது' போதும். ஒரு சொல் வரியின் ஓரத்தில் உடைந்து அடுத்த வரிக்குப் போகவும் விடவில்லை. இடம் பற்றாத வரிகளைத் திரும்ப எழுதினேன். வடிவமைப்பில் எழுத்தைச் சுருக்கிச் சமாளிப்பது சிறுவர் நூலுக்கு ஆகாது.

எழுத்துகளைக் கறுப்பு மையில் மட்டும் வைத்தோம். வண்ண அச்சின் நான்கு மைகளும் கலந்த எழுத்து, அச்சில் ஒரு மை இம்மி நகர்ந்தாலும் ஓரம் மங்கும். நாளை வேறு மொழியில் வந்தாலும் கறுப்புக்கான அச்சுத்தகட்டை மாற்றினால் போதும், படங்களைத் தொட வேண்டியதில்லை.

அட்டையில் என் பெயரைப் பெரிதாகவும் ஓவியர் பெயரைச் சிறிதாகவும் போட்ட மாதிரி ஒன்று முதலில் வந்தது. மாற்றச் சொன்னேன். கதையின் திருப்பமே அவருடைய படத்தில்தான் நடக்கிறது. இப்போது இரண்டு பெயர்களும் ஒரே வரியில், ஒரே அளவில் இருக்கின்றன.