பத்து சென்டிமீட்டர் சதுரம், நாலாயிரம் கோடி பிக்சல்

ஹோலோகிராம் என்றாலே சென்னையில் முதலில் நினைவுக்கு வருவது கல்யாண மண்டபம்தான். மேடையில் காற்றிலிருந்து மணமக்கள் உருவம் எழும்புமே, அது பெரும்பாலும் சாய்த்து வைத்த கண்ணாடியிலோ மெல்லிய பிலிமிலோ தெரியும் பிரதிபிம்பம். ஒரு லேப்டாப் போதும்.

நிஜ ஹோலோகிராம் வேறு. பொருளிலிருந்து கிளம்பும் ஒளி அலையையே அது திரும்ப உருவாக்குகிறது. 1947-இல் இயற்பியலாளர் டென்னிஸ் காபோர் கண்டுபிடித்த முறையில் கணக்கே கிடையாது. இரண்டு அலைகள் சேரும்போது உண்டாகும் நுண்ணிய பட்டைகள் அப்படியே பிலிமில் பதிந்துவிடும். 1966-இல் பிரவுன், லோமன் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பட்டைகளைக் கணினியால் வரைந்து காட்டினார்கள். தலைவலி அங்கே ஆரம்பம்.

பகலில் கேம் கிராபிக்ஸ் எழுதுகிற எனக்கு இதில் முதலில் உறைத்தது ஒன்று. கேமில் பொருளின் ஒரு புள்ளி திரையில் ஓரிடத்தில்தான் விழும். ஹோலோகிராமிலோ ஒவ்வொரு புள்ளியும் எல்லா பிக்சலுக்கும் அலை அனுப்புகிறது. 10,000 புள்ளி, 1920×1080 திரை என்றால் ஒரு பிரேமுக்கே 2,000 கோடிக்கு மேல் கொசைன் கணக்கு. மூன்று நிறம், நொடிக்கு 30 பிரேம் என்று பெருக்கினால் கிட்டத்தட்ட 1.9 லட்சம் கோடி. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் இதைச் சொல்லி கிராபிக்ஸ் கார்டு கேட்டபோது, "சார், காலேஜ் பிராஜெக்டா?" என்றார் கடைக்காரர்.

இந்தச் சுமைக்கு வழி உண்டு. அலைக் கணக்கை வேகமாகப் போடும் எஃப்.எஃப்.டி என்ற குறுக்குவழி இருக்கிறது, முன்கூட்டியே போட்டு வைத்த அட்டவணைகள் இருக்கின்றன. ஜப்பானில் சிபா பல்கலைக்கழகம் இதற்கென்றே ஹார்ன் என்ற தனிக் கணினியைக் கட்டியது. 2021-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி குழு ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கி, ஒரே ஜி.பி.யு-வில் (கிராபிக்ஸ் சிப்பில்) நொடிக்கு 60 வண்ண ஹோலோகிராம் எடுத்துக் காட்டியது.

சரி, முடிந்ததா? இல்லை. பிக்சல் 8 மைக்ரோமீட்டர் என்றால் பச்சை ஒளி மொத்தமே 4 பாகைக்குள்தான் விரியும். தலையை லேசாகத் திருப்பினால் படம் போச்சு. 60 பாகை வேண்டுமானால் பிக்சல் அரை மைக்ரோமீட்டருக்குச் சுருங்க வேண்டும். அப்படி ஒரு 10 சென்டிமீட்டர் சதுரத் திரையில் 4,000 கோடி பிக்சல்! பிக்சலுக்கு ஒரு பைட் வைத்தால், 60 பிரேமுக்கு நொடிக்கு 2.4 டெராபைட். திரைக்குப் படம் கொண்டு போகும் எச்.டி.எம்.ஐ 2.1 கேபிள் நொடிக்கு 48 கிகாபிட், அதாவது 6 கிகாபைட்தான் தாங்கும். கணக்கை யாராவது இலவசமாகப் போட்டுக் கொடுத்தாலும் 400 கேபிள் இழுக்க வேண்டும்.

அதனால் டிவி அளவு ஹோலோகிராம் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. கண்ணாடி போல மாட்டிக்கொள்ளும் திரைதான் நடக்கிற காரியம். அதிலும் பேரம் உண்டு: 3,840 பிக்சல் அகலப் பேனலில் 60 பாகை பார்வை கேட்டால், கண்ணை வைக்கக் கிடைக்கும் இடம் சுமார் 2 மில்லிமீட்டர். கண்மணி ஓடுகிற பக்கமெல்லாம் அந்த இடத்தையும் கூடவே நகர்த்தியாக வேண்டும். கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் கண்ணைத் தொடரும் கேமரா ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன்.